மீதி வாக்குமூலம்

திருப்பதி
12.11.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி பிரவீன் எழுதுவது. நானும் சிவசங்கரியும் சுகம். நீயும் மாமாவும் உங்கள் பெண் கீர்த்தியும் சுகமாய் இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? கீர்த்திக்கு இன்டர் பாடம் புரிகிறதா?

வாரத்துக்கு இரண்டு தரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். போனில் மூன்று தரம் ஆரம்பித்தேன் அக்கா. மூன்று தரமும் நீ, "துன்னியா, இன்னா கொழம்பு?" என்று கேட்டாய். நானும் குழம்பைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் கடைசி வரைக்கும் சொல்லிவிடுவேன் என்று எழுதுகிறேன். கீர்த்தி தெலுங்கு மீடியம் பிள்ளை, தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் பயமில்லாமல் எழுதுகிறேன்.

ஜனவரியில் என்னைச் சபையில் முழுநேர ஊழியனாக ஏற்படுத்தப் போகிறார்கள். இரண்டு வருஷமாக ஞாயிறு மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன். "பிரவீன் மாதிரி மனசோட செய்யிறவன நான் பாத்ததில்ல" என்று பாலையா பாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். போன மாதம் அங்கே ஒருவர் வந்தார். மில்லில் வலது கை விரல்கள் போனவர். சோப்புப் போட அந்தக் கையைப் பிடித்தேன். தேய்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "இன்னா தம்பி, அருவருப்பா கீதா?" என்று கேட்டார். நான் வெளியே போய்விட்டேன்.

சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை ஒன்பதாம் தேதி, சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் மாமாவுடைய விரல்கள் போனபோது அவர் குடித்திருக்கவில்லை.

கூழ் எடுக்கும் மெஷினுக்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும், அதற்கு ஒரு ஸ்விட்ச். கொட்டை சிக்கும்போதெல்லாம் மெஷின் நின்று நின்று ஓடியது. வாசலில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த நான் அந்த ஸ்விட்சை ஒயரால் இழுத்துக் கட்டிவிட்டேன். அதன் பிறகு மூடி திறந்தாலும் மெஷின் ஓடும். மாமாவிடம் சொல்லவில்லை. அவர் மூடியைத் திறந்தார், நின்றுவிட்டது என்று நம்பிக் கையை விட்டார். பக்கத்து மெஷின்களின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

மேனேஜர் ஆதிகேசவன் சொல்லிக்கொடுத்தபடி, "சீனு குடித்துவிட்டு வேலைக்கு வந்தார், தடுத்தும் கேட்கவில்லை" என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குடியை விட்டு ஞானஸ்நானம் எடுத்து நாலு வருஷம் ஆன மனிதருக்கு வேலையும் போனது, பேரும் போனது. எனக்குத் திருப்பதியில் முதலாளியின் மச்சானுடைய குளிர்பதனக் கிடங்கில் இதைவிட நல்ல வேலை கிடைத்தது.

என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. உன் வாழ்க்கையில்தான் கை வைத்தேன். மன்னித்துவிடு அக்கா.

பிரவீன்

*

சித்தூர்
19.12.2024

பிரவீனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நீ போட்ட போன்களைப் பார்த்தேன். எடுக்கவில்லை. இனிமேல் போன் செய்யாதே. நீ வாயால் சொன்னதைக் கேட்டது போதும். என்னிடம் எதைச் சொல்வதானாலும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கீர்த்தி நன்றாக இருக்கிறாள். முட்டி அப்படியேதான்.

ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து அவர் மேல் விழுந்து அழுதேன். அவர் சட்டையில் சாராய நாற்றம் அடித்தது. நீ சொல்லி மட்டும் நம்பவில்லை, என் மூக்கால் நானே மோந்தேன். நீ பக்கத்தில் நின்று, "பாத்தியா அக்கா" என்றாய்.

அவர் குடிக்கவில்லை என்றால் அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது?

மஞ்சு

*

திருப்பதி
26.12.2024

அக்காவுக்கு,

நேற்று கிறிஸ்துமஸ் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

நான்தான் ஊற்றினேன்.

ஆம்புலன்சுக்காக மாமாவை வாசலில் படுக்க வைத்திருந்தோம். மேனேஜர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் சட்டையில விடுய்யா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். விட்டேன். மாமா மயக்கத்தில் இருந்தார். கழுத்துப் பக்கம் கொஞ்சம், மார்பில் கொஞ்சம்.

போன கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதவில்லை. ஒயர் கட்டியது அவசரத்தில் நடந்த தப்பு என்று யாராவது ஒரு நாள் சொல்லிவிடலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. உன் மூக்குக்காகவே செய்தது இது. பாதியை ஒத்துக்கொண்டு மீதியை மூடி வைக்கிறவன் மனம் திரும்பியவன் இல்லை என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

உன் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அனுப்பினால் வாங்கிக்கொள்வாயா என்று தெரியவில்லை, அதனால் அனுப்பவில்லை.

பிரவீன்

*

சித்தூர்
30.1.2025

பிரவீனுக்கு,

கீர்த்தி சுகம்.

இரண்டு கடிதமும் என்னிடம்தான் இருக்கின்றன. அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீ என்னிடம் சொல்லிவிட்டாய், உன் பாரம் இறங்கிவிட்டது. இதோடு நிறுத்திக்கொள்.

அவர் இரண்டு மாடு வைத்துக்கொண்டு பால் ஊற்றுகிறார். இடது கையால் கறக்கப் பழகிவிட்டார். வீட்டில் சத்தம் இல்லை. இதைக் கிளறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ ஊழியம் செய்யப் போகிறாய் அல்லவா, போய்ச் செய். சித்தூர் பக்கம் வராதே.

மஞ்சு

*

திருப்பதி
9.2.2025

அக்காவுக்கு,

நான் ஊழியனாக ஆகவில்லை. அந்தச் செய்தியை முதலில் சொல்கிறேன்.

பாலையா பாஸ்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி வைத்த காபியை அவர் ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம் கேட்டார்: "ஆண்டவர்கிட்ட சொல்லிட்ட. எங்கிட்ட சொல்லிட்ட. யாருக்கு செஞ்சியோ அவர்கிட்ட சொன்னியா?"

"இல்லிங்கய்யா. அக்கா வேணாம்னு சொல்லுது."

"அக்கா கையா போச்சி?"

ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். "அத இன்னாத்துக்கு விடற? அந்த ஜனங்க இன்னா பாவம் பண்ணாங்க? ஆனா ஒண்ணு. அவங்கள கழுவிக்கினே இருந்தா உன் கை சுத்தமாயிடும்னு நெனச்சிக்கினு போகாத. அவங்களுக்கு அழுக்கு போகணும்னு போ" என்றார்.

இரண்டு வருஷமாக நான் எதற்காக ஓடி ஓடிச் செய்தேன் என்று அந்த ஒரு பேச்சில் தெரிந்துவிட்டது. மாமாவுக்குப் பதிலாக வேறு யாரையோ குளிப்பாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சிவசங்கரியிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இந்தக் கெடங்கு வேலயும் அந்தப் பாட்டிலுக்கு குடுத்ததுதானே? போனா போவட்டும். துன்ற சோறு உள்ள எறங்காத ஆளோட நான் எத்தினி வருஷம் குடும்பம் பண்றது?" என்றாள்.

மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று மாமாவிடம் சொல்வேன். உனக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை அக்கா. உனக்குப் பயந்து இனிமேல் எதையும் செய்யாமல் இருக்கவும் மாட்டேன்.

பிரவீன்

*

சித்தூர்
15.2.2025

பிரவீனுக்கு,

வராதே. இதைப் படித்துவிட்டு வராதே.

உன்னைக் காப்பாற்றத்தான் அவரிடம் சொல்லவேண்டாம் என்கிறேன் என்று நினைத்தாயா? எழுதிச் சொல் என்று உனக்குச் சட்டம் போட்டேன். நானும் எழுதுகிறேன்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டாவது ஞாயிறு. சபையில், ஜெபக் குறிப்பு யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். நான் எழுந்தேன். "என் புருஷன் மறுபடியும் குடியில விழுந்துட்டாரு, அவருக்காக ஜெபம் பண்ணுங்க" என்று அழுதுகொண்டு சொன்னேன். அவர் ஆண்கள் பக்கத்தில், கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் அவரை முன்னால் அழைத்து மண்டியிட வைத்து, தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள். பத்துக் கை அவர் தலைமேல். அதற்கு முன்னால் சாட்சி சொல்லி எத்தனை பேரைக் குடியிலிருந்து கூட்டிவந்தவர் அவர், அந்த ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அவர் சபைக்கு வரவில்லை.

அது மட்டும் இல்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்ததும் அவர் வாயை மோந்து பார்ப்பேன். இப்போது நான் கேட்பதே இல்லை. அவரே என் முன்னால் வந்து நின்று வாயைத் திறக்கிறார். பிள்ளைகள் டாக்டரிடம் திறப்பது மாதிரி. ஒரு நாளும் நாற்றம் இருந்ததில்லை. நன்றாக மறைக்கிறார் என்று நினைத்தேன்.

நீ சட்டையில் ஊற்றினாய். ஒரு நாள். நான் இரண்டரை வருஷம் ஊற்றியிருக்கிறேன்.

நீ வந்து உண்மையைச் சொன்னால் அவர் முதலில் உன்னைப் பார்ப்பாரா, என்னைப் பார்ப்பாரா? அந்தப் பயம்தான் எனக்கு.

எனக்கு ஒரு மாதம் கொடு. என் வாயால் நான் முதலில் சொல்லவேண்டும். அதன் பிறகு நீ வா.

மஞ்சு

*

சித்தூர்
23.3.2025

தம்பிக்கு,

நான் கேட்டபடி நீ வராமல் இருந்ததற்கு நன்றி. சிவசங்கரி சுகமா? இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது.

நேற்று சொன்னேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டு இருந்தார். நாலு நாளாக இடம் தேடி, கடைசியில் தொழுவத்தில்தான் வாய் வந்தது. உன் கடிதங்களில் இருந்ததை எல்லாம் சொன்னேன். ஒயர், கையெழுத்து, பாட்டில். அவர் கலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"உன் தம்பி ஊத்தினது. சில்லுனு இருந்துச்சி. கண்ண தொறந்து பாத்தேன். அவன் மூஞ்சிதான் தெரிஞ்சிது."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்கத் தகுதி இல்லாத கேள்வி. ஆனாலும் கேட்டேன்.

"நான் குடிக்கலன்னு மூணாவது நாளு சொன்னேன் இல்ல? நீ மூஞ்ச திருப்பிக்கின. அதுக்கு மேல உன் தம்பிதான் பண்ணான்னு சொன்னா, அக்கா தம்பிய பிரிக்க பாக்கறேன்னு சொல்லியிருப்ப. உனக்கு அவன விட்டா பொறந்த வூட்டு ஆளு யாரு கீறாங்க?"

நான் அவர் காலில் விழுந்தேன். சபையில் எழுந்து நின்று சொன்னதற்கு, வாயை மோந்ததற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். "எழுந்திரு, மாடு மிரளுது" என்றார். நான் எழவில்லை. அவர் உட்கார்ந்தார், தவிட்டுக் கையோடு. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று கேட்டார். "அந்த ஒயர் கட்டினது மட்டும் எனக்கு தெரியாது. மூடிய தொறந்தா நிக்கும்னுதான் கைய வுட்டேன். இப்ப அத அவுத்துட்டாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"கேளு. உன் தம்பிய கேளு. சீசன் வரப்போது" என்றார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கா

*

திருப்பதி
4.4.2025

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மாமா என் முகத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் அடுத்த கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு வந்த எனக்குத் தட்டில் வடை எடுத்து வைத்தார். அது தெரிந்த பிறகு அழ உட்கார்ந்தால் அதுவும் எனக்காகத்தான் இருக்கும் என்று பட்டது. லீவு போட்டுவிட்டு அவர் கேட்டதற்குப் பதில் தேடிப் போனேன்.

ஃபேக்டரி வாசலில் இன்னும் முனிசாமிதான் வாட்ச்மேன். சீசனுக்கு முன்னால் மெஷின்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விட்டான். மாமா நின்ற மெஷினில் நான் கட்டிய ஒயர் அப்படியே இருந்தது, துரு ஏறியிருந்தது. பக்கத்து இரண்டு மெஷின்களிலும் புது ஒயர் கட்டியிருந்தது.

மேனேஜர் ஆதிகேசவன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏமய்யா பிரவீன், பாஸ்டர் ஆயிட்டியாமே?" என்றார்.

"சார், அந்த ஒயர அவுத்துடுங்க."

"நீ கத்துக்குடுத்ததுதானேய்யா? உன்னத பாத்துட்டுதான் மத்த ரெண்டுத்துக்கும் கட்டினோம். நல்லா ஓடுது."

"சீனு மாமா கை போச்சி சார்."

"அவரு குடிச்சிருந்தாரு. உன் கையெழுத்து எங்கிட்ட பத்திரமா கீது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

மே கடைசியில் கார்வேட்டிநகரத்திலிருந்து வேனில் பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்று முனிசாமி சொன்னான். சம்பளம் குறைவு என்பதால் இப்போது மெஷினிலும் அவர்களையே நிறுத்துகிறார்களாம். மூன்று மெஷின், இரண்டு ஷிஃப்ட்.

நான் செய்த பாவம் 2022-ல் முடிந்துவிட்டது, இனி அழுது மன்னிப்பு வாங்குவதுதான் பாக்கி என்று நினைத்திருந்தேன் அக்கா. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாகப் பெருகியிருக்கிறது. மாமாவிடம் சொல், ஒயர் அவிழ்க்கவில்லை என்று. அவிழ்க்க வைப்பேன் என்றும் சொல்.

பிரவீன்

*

திருப்பதி
28.4.2025

அன்பான அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். கீர்த்தி பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள் என்று கேட்டுச் சந்தோஷம்.

இருபத்திரண்டாம் தேதி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தெலுங்கில் ஐந்து பக்கம். பழைய வாக்குமூலம் பொய் என்று ஆரம்பித்து, ஒயர், பாட்டில், மேனேஜர் சொன்னது, நான் செய்தது, இப்போது மூன்று மெஷினும் எப்படி ஓடுகிறது என்பது வரைக்கும். மேனேஜர் சொன்னதால்தான் செய்தேன் என்று ஒரு வரி எழுதினேன். அப்புறம் 'தான்' என்பதை அடித்தேன். அவர் சொன்னார், நான் செய்தேன். இரண்டும் வேறு வேறு.

அங்கிருந்த கிளார்க் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுல கையெழுத்து போட்டா உன் மேலயும் கேஸ் வரும். தெரிஞ்சிதான் போடறியா?"

"தெரியும் சார்."

"வக்கீல கேட்டியா?"

"கேட்டேன் சார். போடாதன்னாரு."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

மறுநாளே கிடங்கில் என்னை நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போகிறேன். ஏழு வருஷம் மற்றவர்களை வேலை வாங்கிய உடம்புக்கு முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. இப்போது பரவாயில்லை. சிவசங்கரி ஒரு தையல் கடையில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிறு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போவதை விடவில்லை. போனவாரம் அவள் என்னோடு வந்து பெண்கள் வார்டில் தலை வாரிவிட்டாள்.

மே நாலாம் தேதி உங்கள் சபைக்கு வருகிறேன். அங்கேதான் மாமாவின் பேர் கெட்டது, அங்கே நின்று சொல்லவேண்டும். மாமா வரவேண்டும் என்று கேட்கமாட்டேன். அவர் வீட்டுக்குள் நான் நுழைவதும் அவர் இஷ்டம்.

பிரவீன்

*

சித்தூர்
12.5.2025

அன்பான தம்பிக்கு,

அன்று சபையில் நடந்தது உனக்குத் தெரியும். நீ பேசி முடித்ததும் நான் எழுந்து என் பங்கைச் சொன்னேன், நீயும் கேட்டாய். அதற்கு மேல் நிற்காமல் நீ பஸ் ஏறிவிட்டாய். அதன் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்து பெரியவர்கள் ஏழு பேர் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அந்த வெயிலில், செருப்பை வாசலில் விட்டு, வரிசையாக நின்றார்கள். அவர் பனியனோடு வெளியே வந்தார். "சீனு, நாங்க விசாரிக்கல. ஒரு வார்த்தை உன்ன கேக்கல. மன்னிச்சிடு" என்று மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் எல்லாருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். அவர்கள் குடித்து முடித்த பிறகு, "வர ஞாயித்துக்கெழம வரேன். ஆனா யாரும் என் தலமேல கை வெச்சி ஜெபம் பண்ணாதீங்க" என்றார். நேற்று வந்தார். ஆண்கள் பக்கத்தில், சுவரோரம் உட்கார்ந்தார். பாட்டுக்கு வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

எட்டாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்து மூன்று மெஷினுக்கும் சீல் வைத்துவிட்டுப் போனார். முனிசாமி ஓடிவந்து சொன்னான். உடனே இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாசல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். போலீஸ்காரர் ஒருவர் உன் விலாசம் கேட்டு வந்தார். கொடுத்தேன். கேஸ் வரும் என்கிறார்கள். மேனேஜர் மேலும் உன் மேலும். நான் பொய் சொல்லி உன்னை மறைக்கவில்லை, அதை நீ விரும்பமாட்டாய்.

உன் கடிதங்களை எல்லாம் அவரிடம் கொடுத்துவிட்டேன். வெளியே கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறார். என்ன நினைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும். பழக்கத்தில் இப்போதும் சாயங்காலம் என் முன்னால் வந்து நிற்கிறார். வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். நான் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறேன். குடித்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் இப்போதைக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். மூட்டை தூக்கும்போது இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டு. தைலத்தை இப்போது அனுப்பு.

அக்கா மஞ்சு

*

சித்தூர்
29.6.2025

பிரவீனுக்கு,

சீனு எழுதுவது, இடது கையால். நான் நன்றாக இருக்கிறேன். மாடு கன்று போட்டிருக்கிறது. உன் அக்கா முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடக்கிறாள். கீர்த்தி என்ன எழுதுகிறாய் என்று கேட்டு எட்டிப் பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்று ஒயரையும் வெட்டிப் புது ஸ்விட்ச் போட்டுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். சீசன் நடக்கிறது. நான் நின்ற மெஷினில் கார்வேட்டிநகரத்துப் பெண் ஒருத்தி நிற்கிறாள், பேர் செல்லியம்மா. வாசலில் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா ஆச்சி?" என்று கேட்டாள். சொன்னேன். அன்றைக்குக் கொட்டை சிக்கியபோது மூடியைத் திறந்து, மெஷின் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டாளாம். மறுநாள் வந்து சொன்னாள். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மன்னித்தேனா என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். காலையில் மாடு கறக்கும்போது உன்னை மன்னிக்கிறேன். மத்தியானம் சட்டைப் பட்டன் போட முடியாமல் நிற்கும்போது அது போய்விடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் மன்னிக்கிறேன். உன் அக்காவுக்கும் அப்படித்தான். ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் நிற்கும் என்று நம்புகிறேன். பொய்யாக எழுத எனக்கு மனம் இல்லை.

புத்தூர் பக்கமும் நாயுடுபேட்டை பக்கமும் விசாரித்தேன். இன்னும் பல இடங்களில் இதே மாதிரிதான் கட்டி ஓட்டுகிறார்களாம். உள்ளே நம்மை விடமாட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது வாசலில் நிற்கலாம், ரோட்டுக்கு யாரும் பூட்டுப் போட முடியாது. நான் கையைக் காட்டுகிறேன். ஸ்விட்சை எப்படிக் கட்டுவார்கள், எங்கே பார்த்தால் கட்டியிருப்பது தெரியும் என்று நீ சொல். எனக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். ஏமாற்றத் தெரிந்தவன் சொன்னால்தான் ஜனங்கள் பிடித்துக்கொள்வார்கள். ஊழியம் என்று இதற்குப் பேர் வைப்பாயோ என்னவோ, பேர் எனக்கு முக்கியம் இல்லை. திங்கட்கிழமை மார்க்கெட்டில் உனக்கு வேலை இல்லை என்று உன் அக்கா சொன்னாள். ஏழாம் தேதி திங்கட்கிழமை. காலையில் வந்துவிடு. வீட்டுக்குள் வா, வாசலில் நிற்காதே.

கோர்ட்டுக்கு எப்போது கூப்பிடுகிறார்கள் என்று எழுது. நானும் வருவேன். உன்னைப் பற்றிக் கேட்டால் நடந்ததைச் சொல்வேன், ஒன்றையும் குறைக்கமாட்டேன். உனக்குத் தண்டனை வந்தாலும் வரட்டும். வராமல் போனால், சாட்சி சொல்லிவிட்டு உன்னோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன்.

சீனு